எடைக்கு எடை வெல்லம்

அலோ... அலோ... ஆமாம்மா, காரைக்குடிதான். மெட்ராஸு கேட்டது நாந்தேன்... குடு, குடு... அலோ! ஏகப்பா? நான் ஆச்சி பேசுறேன்டா, தேனம்மை... ஆமா, ஆமா, ஒன் கூடப் பொறந்த ஆச்சிதான். கேக்குதா?... எனக்கு நல்லாவே கேக்குது, நீ கத்தாதே.

வீட்டுலருந்து இல்லை, நம்ம மில்லுலருந்து பேசுறேன். வீட்டுல பேசுனா ஒங்க அயித்தான் காதுல விழுகும். அவுக பலகாரம் சாப்டுட்டுப் படுத்திருக்காக... காலையில எட்டு மணிக்கு டிரங்க் கால் போட்டதுடா, இப்பத்தேன் கெடைக்குது, மணி பதினொண்ணாச்சு. இந்த முத்துவீரன் வேற, நெல்லு மூட்டையைத் தராசுல ஏத்துறதும் எறக்குறதுமா... டேய் முத்துவீரா! செத்த நிறுத்துடா அதை! பேசுறேன்ல?

ம்... மதுரைக்குப் போயிட்டு வந்துட்டோம். செவ்வாக்கிழமை போனோம்... நெஞ்சு நல்லாத்தேன் இருக்காம்... அட, முழுசாக் கேளுடா. அதுக்குள்ள முருகா முருகான்னு கும்புடு போடுறே. நெஞ்சு நல்லாத்தேன் இருக்காம். வேற எடத்துல... வயித்துல.

வயித்துலடா. இரைப்பையில கட்டி... ஆமா. சுண்ணாம்பு கரைச்ச மாதிரி ஒண்ணைக் குடிக்க வச்சு, எக்ஸ்ரே எடுத்தாக. பெறகு குழாயை விட்டு என்னமோ எடுத்துப் பாத்தாக... ஆமா... ஆமா, அதேதான். எனக்கு நாலு நாளா அந்தப் பேரு வாயில வரலை, நீ சொல்லிப்பிட்டே. புத்துநோய்தான்.

...

அலோ? ஏகப்பா? இருக்கியா?...

நானும் அதைத்தேன் கேட்டேன். நீ கேக்குற அதே கேள்விதான். என்ன டாக்டரு இது, மூணு வருஷத்துக்கு முன்னால ஆடி மாசத்துல நெஞ்சடைச்சு விழுந்து, பொழைச்சதே மறுபொழைப்பு, அந்த மனுசனுக்குப் போயி இன்னொண்ணா, ஒரு ஒடம்புக்கு ஒண்ணு போதாதான்னு சத்தம் போட்டேன். பக்கத்துல இருந்த நர்ஸம்மா என்னைய ஒக்காரச் சொல்லிருச்சு... நான் எங்க ஒக்காருறது.

அவரு பொறுமையாத்தேன் சொன்னாரு. நெஞ்சைக் கெடுத்தது எதும்மான்னு கேட்டாரு. சுருட்டுன்னேன். இங்கேயும் அதுக்குப் பங்கு இருக்கும்மான்னுட்டாரு... ஆமா, நானும் அதைச் சொன்னேன். நிறுத்தி மூணு வருஷமாச்சு, நான் பெட்டியோட தூக்கிக் கெணத்துல போட்டேன்னு சொன்னேன். அதுக்கு முன்னால முப்பது வருஷம் குடிச்சிருக்காகளேம்மாங்குறாரு. பர்மாவுல இருந்தப்பப் பழகுனது. முப்பது என்ன, கூடவே இருக்கும்.

இன்னொண்ணும் சொன்னாரு. அதுதாண்டா எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது. நெஞ்சு நோய் வந்தவுகளுக்கு இதுவும் வாரதை நாங்க பாத்துக்கிட்டுத்தேன் இருக்கோம், ஆனா ஒருத்தரும் நேரத்தோட வாரதில்லைங்குறாரு. ஏன்னா வீட்டுலயும் சரி, டாக்டருகளும் சரி, நெஞ்சை ஒண்ணைத்தேன் காவல் காக்குறோமாம். மூச்சு வாங்குனா நெஞ்சு. எரிச்சலுன்னா நெஞ்சு. சோந்து படுத்தா நெஞ்சு... நாம அதானேடா செஞ்சோம்? நெஞ்சுக்குள்ள கரிக்குது தேனுன்னு தீவாளிக்கு மொதநாளு சொன்னாக. நான் அந்த நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரையை எடுத்துக் குடுத்துட்டு முறுக்குப் புழியப் போயிட்டேன்.

இல்லைடா. நீ என்னைய ஆத்தாதே. நான் செஞ்சதை நாந்தேன் சொல்லணும். நெஞ்சு டாக்டரு அறுபத்தஞ்சு கிலோவுக்கு வரணும்னு எழுதிக் குடுத்தாருல்ல, அந்தச் சீட்டை அடுப்படியில ஒட்டி வச்சிருந்தேன். நெய்யி கெடையாது. கோழி கெடையாது. வெள்ளப் பணியாரம் சுட்டா அவுக இல்லாதப்பத்தேன் சுடுவேன். நாலு இட்லியை மூணாக்குனேன், மூணை ரெண்டாக்குனேன். அந்த ரெண்டுலயும் ஒண்ணை ஒதுக்கிட்டு, போதும் தேனு, வயிறு நெறைஞ்சாப்புல இருக்குதுன்னு எந்திரிப்பாக. எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா? சொன்ன பேச்சைக் கேக்குறாகளேன்னு! ஆத்தாடி, அந்தச் சந்தோசத்தை இப்ப நெனைச்சா எனக்கே என்னைய அடிச்சுக்கலாம்னு இருக்கு.

சட்டை தொளதொளன்னு தொங்குச்சுடா. என் கண்ணுக்குத் தெரியாமலா இருந்துச்சு? தெரிஞ்சுச்சு. ஆனா தைப்பூசத்துக்குக் கோயில்ல நிறுத்தோமே... ஆமா, அந்த வேண்டுதல்தான். அவுக பொழைச்சு எந்திரிச்சா வருஷா வருஷம் எடைக்கு எடை வெல்லம் போடுறேன்னு நான் வேண்டிக்கிட்டது. மொத வருஷம் எழுபத்தி நாலு. போன வருஷம் எழுபத்தி ஒண்ணு. இந்த வருஷம் எழுபது. கோயில் மணியாரு சத்தம் போட்டுச் சொன்னாரே, எழுபதுன்னு, நீயும் பக்கத்துலதானே நின்னே. அன்னைக்கே எனக்குக் கவலை போயிருச்சு. ஒரு கிலோதானே கொறைஞ்சிருக்கு, முகந்தேன் வத்தியிருக்கு, வயசாகுதுன்னு விட்டுட்டேன்... அது மட்டுமில்லை. இன்னும் அஞ்சு கிலோ எறங்கணுமேன்னு அந்த ரெண்டு இட்லியையும் ஒண்ணாக்குனேன்.

ம்?... என்ன?... இரு, இரு, முக்கியமான விசயத்தை இன்னும் சொல்லலை.

மதுரையில நிறுத்தாகடா. அம்பத்திரண்டு... ஆமா. அம்பத்திரண்டு கிலோ. டாக்டரு என்னைத்தேன் கேட்டாரு, இதுக்கு முன்னால எப்பம்மா எடை பாத்தீகன்னு. தைப்பூசத்துக்குப் பாத்தோம், எழுபது இருந்தாகன்னேன். நல்லாத் தெரியுமாம்மான்னு ரெண்டு தரம் கேட்டாரு. சாமி தராசுல நிறுத்ததுங்க, அது பொய் சொல்லாதுன்னேன். அவரு பேனாவைக் கீழ வச்சுட்டாரு. மூணு மாசத்துல பதினெட்டுக் கிலோ எறங்கியிருந்தா இது ரொம்ப வேகமாப் போகுதும்மா, இந்நேரம் உள்ள பல எடத்துக்குப் பரவியிருக்கும்னு பயமா இருக்கு, நெஞ்சும் பலகீனம், இதுல மயக்க மருந்து குடுத்துக் கத்தி வைக்கிறது அவருக்குக் கஷ்டத்தைத்தேன் குடுக்கும், வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னுட்டாரு.

அம்புட்டுத்தேன். பையைத் தூக்கிட்டு வந்துட்டோம். அவுகளுக்கு ஒண்ணும் சொல்லலை. வயித்துப் புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன். பஸ்ஸுல வாரப்ப அவுக பாட்டுக்கு மேலூரு வரைக்கும் வெள்ளாமையைப் பத்திப் பேசிக்கிட்டு வந்தாக. நான் ஜன்னலைப் பாத்துக்கிட்டே ம்ம்முன்னு கொட்டிக்கிட்டு வந்தேன்.

அதுக்குத்தேன் ஒனக்கு டிரங்க் போட்டது. நீ மெட்ராஸுல இருக்கே, நாலு பெரிய டாக்டரைப் பாக்க முடியும். யாராவது ஒருத்தரு, அறுக்கலாம்னு சொல்றவரு ஒருத்தரு கெடைப்பாரா? நான் எல்லாத்தையும் சீட்டுல எழுதி வச்சிருக்கேன், சொல்றேன் எழுதிக்க... பேனா எடுத்தியா?... ஏகப்பா?... என்னடா, அழுவுறியா?

அழுவாதேடா. நான் அழுவலையே... என்ன?... சொல்லு... எதைச் சொன்னாத் திட்டக்கூடாது?... யாரு சொல்லக்கூடாதுன்னாக? அயித்தானா? எப்ப?... தைப்பூசத்தன்னைக்கா?

என்னம்மா?... ஏம்மா ஆபரேட்டரு, மூணு நிமிசம் ஆனா ஆகட்டும், நீட்டிக் குடும்மா! எத்தனை வேணும்னாலும் போட்டுக்க. நடுவுல வந்து பேசாதே தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்... அலோ. சொல்லுடா. சொல்லு.

ம்... ம்... ஜமுக்காளமா? எந்த ஜமுக்காளம்?... ஆமா, வெறும் இரும்புத் தட்டுல ஒக்காந்தாக் குளிரும்னு நீதான் மடிச்சுப் போட்டே. மச்சினன்தான் தட்டுல ஏத்தி வைக்கணும்னு எல்லாரையும் வெலக்கிவிட்டியே... அதுக்குள்ள?

அதுக்குள்ள என்னடா?

...

படிக்கல்லா?

அடப் பாவி... அடப் பாவி! சாமி தட்டுலயாடா? சாமி தட்டுலயா கல்லைக் கட்டுனே?... அவுக சொன்னா? அவுக சொன்னா நீ செய்வியா? அவுக கெணத்துல குதின்னா குதிப்பியா?... சம்பந்தி வீட்டுலருந்து பாக்க வந்திருந்தாக, ஆமா, வந்திருந்தாக, அதுக்கு? அடுத்த மாசம் மக சிகப்பிக்குக் கல்யாணம், மணியாரு சத்தம் போட்டு எடையைச் சொல்றப்பக் கொறைச்சலாக் கேட்டாப் பொண்ணுக்கு அப்பன் சீக்காளின்னு பேசுவாக, கல்யாணம் தட்டிப் போயிரும்... இதெல்லாம் அவுக சொன்னாகளா?... நான் பயந்துருவேன்னும் சொன்னாகளாக்கும். கல்யாணம் முடியட்டும், பெறகு நானே டாக்டருகிட்டப் போறேன்னு ஒன் கையைப் புடிச்சுக்கிட்டாகளாக்கும்... கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டாகளா?

அவுகளா?

ம்.

...

கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சேடா. நீ ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்ல எனக்கு? ஒரு வரி? ஆச்சி, ஒன் புருசன் எழுபது இல்லைன்னு ஒரு வரி? எழுபதுன்னு நம்பி நான் பட்டினி போட்டேன்டா! புரியுதா ஒனக்கு? நீ வச்ச கல்லை அவுக ஒடம்புன்னு நெனைச்சுக்கிட்டு, அதை எறக்கணும்னு நான் இட்லியைக் கொறைச்சேன்! ஒரு இட்லி! அம்புட்டுப் பெரிய மனுசனுக்கு ஒரே ஒரு இட்லி வச்சுட்டு, முன்னால நின்னு காவல் காத்தேன்...

பேசாதே. நீ ஒண்ணும் பேசாதே. செத்த நேரம் ஒன் சத்தம் என் காதுல விழுக வேணாம்.

...

இருக்கேன். வைக்கலை. இரு.

எத்தனை கல்லு?... எத்தனை கல்லுன்னு கேக்குறேன். கிலோவைச் சொல்லு... பத்து ஒண்ணு. அப்பறம்?... அஞ்சு ஒண்ணு. வேற?... நல்லா யோசிச்சுச் சொல்லு. இதுல எனக்கு அரைக் கிலோ தப்பக்கூடாது... ரெண்டே ரெண்டா? எங்கருந்து எடுத்தே?... இந்த மில்லுலருந்தா? இரு.

முத்துவீரா! இங்குட்டு வா. தைப்பூசத்தன்னைக்கு மெட்ராஸுக்காரரு மில்லுலருந்து படிக்கல்லு எடுத்துட்டுப் போனாரா?... எத்தனை?... ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?... கோயிலுக்குன்னு சொன்னாரா. சரி. பத்தும் அஞ்சும்தானே? வேற இல்லையே?... சத்தியமா?... சரி, போ. போகாதே, இங்கேயே நில்லு.

ஏகப்பா. அப்ப தைப்பூசத்துக்கு அவுக எழுபது இல்லை. பதினஞ்சு போனா அம்பத்தஞ்சு. ஜமுக்காளம் என்ன ஒரு ரெண்டு கிலோ இருக்குமா?... வருஷா வருஷம் போடுறதா? அதைக் கழிச்சுட்டுத்தேன் மணியாரு சொல்லுவாரா? சரி. அப்ப அம்பத்தஞ்சுதான். மதுரையில அம்பத்திரண்டு.

மூணு.

மூணு மாசத்துல மூணு கிலோடா. பதினெட்டு இல்லை! அதுவும் நான் ஒரு இட்லி போட்டுக்கிட்டிருந்தப்ப. புரியுதா நான் என்ன சொல்றேன்னு?... அந்த டாக்டரு எதை வச்சு வேகமாப் போகுதுன்னாரு? நான் சொன்ன எழுபதை வச்சுத்தானே? கத்தியே வைக்க வேணாம்னு பேனாவைக் கீழ வச்சது எதுக்கு? நான் சாமி தராசுன்னு சொன்னேனே, அதுக்குத்தானே?... ஆமா! ஆமாடா! வேகமாப் போகலைன்னா? ஒரே எடத்துல இருந்தா?

தெரியும்... தெரியும்டா. மாறாமலும் போகலாம். நெஞ்சு தாங்காதுன்னே மறுபடியும் சொல்லலாம். நான் ஒண்ணும் கூத்தாடலை. ஆனா நீங்க ரெண்டு பேரும் சேந்து வச்ச கல்லை நிறுத்துப் பாத்துட்டு எம் புருசனை முடியாதுன்னு ஒருத்தரு அனுப்புனா, அதை எப்படிடா ஒத்துக்குவேன்? சரியான எடையைக் கேட்டுட்டு அவரு என்ன வேணும்னாலும் சொல்லட்டும். கேட்டுக்கிறேன்.

நீ இன்னைக்கு ராத்திரி போட் மெயில் ரயில்ல ஏறுறே... லீவு குடுக்கலைன்னா வேலையை விட்டுட்டு வா! கல்லை ஒளிச்சு வைக்க மட்டும் லீவு கெடைச்சுச்சா?... மதுரையில அந்த டாக்டரு முன்னால நின்னு, ஒன் வாயால சொல்லணும். நான் சொன்னா, புருசனுக்காகப் பொம்பளை பொய் சொல்றான்னு நெனைப்பாரு... சிரிச்சாச் சிரிக்கட்டும். திட்டுனா வாங்கிக்க. ஒனக்கு வேணும்.

அய்யோ, இரு. வாசல்ல யாரோ... அவுகதேன்டா. வெயில்ல நடந்தே வாராக.

வாங்க! என்ன இது, படுத்திருந்தீகளே... ஒண்ணுமில்லைங்க, நம்ம ஏகப்பந்தேன். மாவடு கேக்குறான், மெட்ராஸுல நல்லதாக் கெடைக்கலையாம்... ஆமாடா ஏகப்பா, அயித்தானும் இங்கேதான் இருக்காக. உப்புல போட்டு ஒரு ஜாடியில... நல்ல ஜாடியா... ம்...

...

ச்சே. என்ன பேச்சு இது.

மாவடு இல்லைங்க. மாவடுவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இவன் கல்லைப் பத்திச் சொல்லிப்பிட்டான்... இங்கே பாருங்க, தலையைக் குனியாதீக. எனக்குத் தெரியும். வயித்துப் புண்ணுன்னு நான் சொன்னதும் பொய்யி. அது கட்டி. அந்தக் கட்டிதான்... தெரியுமா?... எப்பருந்து தெரியும்?... கல்யாணத்துக்கு முன்னாலருந்தா? கையில தட்டுப்பட்டுச்சா? பெறகு ஏன் பஸ்ஸுல வெள்ளாமையைப் பேசிக்கிட்டு வந்தீக?

எனக்குத் தெரியக்கூடாதுன்னு நீங்களும், ஒங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நானும். நல்லாத்தேன் குடும்பம் நடத்துனோம் போங்க.

ஏகப்பா, வைக்காதே, கேட்டுக்கிட்டே இரு... என்னம்மா? இன்னும் மூணு நிமிசம் குடு. குடும்மான்னா!... முத்துவீரா, அந்த மூட்டையை எறக்கு. தராசைச் சுத்தமாத் தொடை. அங்கிட்டு இருக்குற கல்லெல்லாம் தூரக் கொண்டு போ.

வாங்க இங்குட்டு. செருப்பைக் கழட்டுங்க... கேள்வி கேக்காதீக, கழட்டுங்க. துண்டைக் குடுங்க. மடியில என்ன, சாவியா? அதையும் குடுங்க. ஏறுங்க. முத்துவீரா, கையைப் புடிச்சு ஏத்து... விடு. இப்ப விடு, தொடாதே.

முள்ளைப் பாத்துச் சொல்லுடா... அம்பத்திரண்டா?... தள்ளு, நான் பாக்குறேன். மூக்குக்கண்ணாடி எங்க... இரு... அம்பத்திரண்டு இல்லைடா. அரை கூட இருக்கு. அம்பத்திரண்டரை! செவ்வாக்கிழமைக்கு மேல நான் நாலு நாளா நெய்யி ஊத்திப் போட்டேனே... ஏகப்பா, கேட்டியா? அம்பத்திரண்டரை. எழுதிக்க. கல்லு இல்லாம, நான் கண்ணால பாத்தது.

என்னங்க?... சாமி கோவிச்சுக்குமா? ஏன் கோவிக்கணும்? கொறைச்சுக் குடுத்தாத்தானே கோவம். எழுபது கிலோவுக்கு வெல்லம் வாங்கிக்கிட்டு எங்கிட்ட அம்பத்திரண்டரையை வச்சிருக்காரு முருகன். மீதி ஒடம்பை அவரு குடுத்துத்தேன் ஆகணும். நான் கேக்காம விடமாட்டேன்... அழுவுறேனா? நான் எங்க அழுவுறேன். தவுட்டுத் தூசிங்க.

ஏகப்பா, ரெண்டு பேருக்கும் இட்லி ஊத்தி வைக்கிறேன். விடியக்காலம் டேசன்லருந்து நேரா வீட்டுக்கு வந்துரு, சாப்டுட்டு மொத பஸ்ஸுக்கே மூணு பேருமா மதுரைக்குப்... அலோ?... அலோ? ஏகப்பா?

...

போச்சு. கட்டாயிருச்சு.

இல்லைங்க, நீங்க எறங்காதீக. செத்த அப்படியே நில்லுங்க. நான் இன்னொருக்கப் பாத்துக்கிறேன்.